அழிக்க வேண்டிய குரல்

14 ஆகஸ்ட் 2010, சனி

ஆறு வருடம் கழித்து நானும் சலீமும் சேர்ந்து போடும் ஆல்பம். முன்பு வெறும் கம்ப்யூட்டர் இசைதான். இந்த முறை மனசைத் திறந்து பாடும் பாட்டுகள். பாடகி கேட்டுப் பழகுவதற்காக நான்தான் ட்ராக் பாடியிருந்தேன். எப்படியும் அழித்துவிடுவோம் என்ற தைரியத்தில் பாடியது.

இன்று அந்தப் பாடகி சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்தார். இரண்டு தடவை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"இத நான் பாடுனா கெட்டுப்போயிடும் சார். நீங்களே பாடிடுங்க."

மரியாதைக்குச் சொன்னாரா? இன்னும் குடைகிறது.

"நான் சொன்னா நீ கேக்க மாட்ட மச்சான். அவுங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றான் சலீம்.

அவருக்காக இறக்கியிருந்த மைக்கை என் உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

நாளையிலிருந்து வெந்நீர்தான் குடிக்க வேண்டும்.