ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமைகள்

1988 ஏப்ரல் 5, செவ்வாய்

காலையில் நல்ல மழை. காப்பிச் செடிகள் பூத்துவிட்டன. கடை வாசலில் நின்றாலே வாசனை வருகிறது. செவ்வாய்க்கிழமை என்பதால் ஏரிப் பக்கம் ஆளில்லை. படகுகள் கட்டிக் கிடந்தன. பஜ்ஜிக்கு மாவு கரைக்கவில்லை. டீயும் நாங்கள் குடித்ததுதான் மிச்சம்.

பெருமாள் வந்துபோனது முந்தாநாள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் தங்கை சரசு செத்துப்போனபோது அவள் மகள் சுகந்திக்கு இரண்டு வயது. சரசுவின் புருஷன் பெருமாளுக்கு அப்போது ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலை. மத்தியப் பிரதேசம் போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். கைக்குழந்தையை யாரிடம் விடுவது? நானும் என் வீட்டுக்காரர் செல்லப்பனும்தான் ஏற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். எங்களுக்கென்று பிள்ளை இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெருமாள் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். இப்போது சேலத்திலேயே லாரிப் பட்டறையில் வேலை. போன ஆவணியில் மறுகல்யாணமும் ஆகிவிட்டது.

முந்தாநாள் வந்தபோது டீ டம்ளரை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க அக்கா, ஞாயித்துக்கெழமையில புள்ளைய வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வரட்டுங்களா? பொழுதோட கொண்டாந்து உட்டுர்றேன்."

பெற்ற தகப்பன் என்னிடம் கேட்கிறார். "அதுக்கென்னங்க மாப்பிள்ளை" என்றேன். சொன்ன பிறகும் துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10, ஞாயிறு

கால் கடுக்கிறது. இன்று நல்ல கூட்டம். சேலம், ஈரோடு, பெங்களூர் வண்டி கூட இரண்டு. எண்ணெய்ச் சட்டியை இறக்கவே நேரமில்லை.

பெருமாள் சுகந்தியைப் படகில் கூட்டிப்போனார். அடுப்படியிலிருந்து பார்த்தால் ஏரியில் பாதி தெரியும். மஞ்சள் கவுன். அவள்தான். துடுப்பைப் பிடித்துப் பார்க்கிறாள், அப்பா கையைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார். படகு திரும்பி மரத்தின் மறைவுக்குப் போனது. நான் எட்டிப் பார்த்தேன். "அக்கா, பஜ்ஜி தீயுது" என்று வாடிக்கையாளர்தான் சொன்னார்.

ஆறு வருஷமாக இந்த ஏரிக்கரையிலேயே வளர்ந்தவள். இன்றுதான் முதல்முறையாகப் படகில் ஏறுகிறாள். ஞாயிறு என்றால் கடை, மற்ற நாளில் பள்ளிக்கூடம், லீவு விட்டால் சீசன். ஊரே விடுமுறைக்கு இங்கே வருகிறது. எங்களுக்கு விடுமுறை எங்கே?

சாயங்காலம் வந்ததும் மூச்சு விடாமல் சொன்னாள். "தண்ணிக்குள்ள கைய வெச்சா சில்லுன்னு இருக்குது பெரியம்மா. அப்பா நொம்ப வேகமாத் தள்ளுறாரு. பெரியம்மா, நீங்க போயிருக்கீங்களா?"

இல்லை என்றேன். அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

ஏப்ரல் 12, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டாள்: "ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் எத்தன நாள்?" இதுவரை அவள் கிழமை கேட்டதே இல்லை.

ஏப்ரல் 17, ஞாயிறு

இன்று செண்பகமும் கூட வந்திருந்தாள், பெருமாளின் புது மனைவி. இருபத்தைந்து வயது இருக்கலாம். பயந்த கண்கள். என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள், தடுத்துவிட்டேன். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று பேரும் பள்ளத்தாக்கு பார்க்கப் பகோடா பாயிண்ட் போய்விட்டு வந்தார்கள். காலையில் நான் போட்ட ஒற்றைச் சடை, திரும்பி வரும்போது ரெட்டைச் சடை ஆகியிருந்தது. சுகந்தி அதை முன்னால் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

"நல்லாருக்குது சாமி" என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 24, ஞாயிறு

கேட்டுவிட்டார்.

சுகந்தியைச் செண்பகத்தோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டு, கூட்டம் குறையும்வரை காத்திருந்து, என் வீட்டுக்காரரையும் என்னையும் உட்காரவைத்துக் கேட்டார். "ஜூன்ல சேலத்துல ஸ்கூல்ல சேத்தலாம்னு இருக்கறனுங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம். உங்க ரெண்டு பேரையும் மீறி நான் எதும் செய்யமாட்டேன். ஆனா தெனமும் பட்டறை உட்டு ஊட்டுக்குப் போறப்ப, புள்ள இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டேதானுங்க போறேன்."

 

ஏப்ரல் 25, திங்கள்

கொடுக்கமாட்டேன். எதுக்குக் குடுக்கணும்? காய்ச்சல்ல கெடந்தப்ப யாரு தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது? பல்லு விழுந்தப்ப யாருகிட்டக் காட்டுனா? மீறமாட்டேன்னு சொல்லிப்புட்டா ஆச்சா? சண்டை போட்டாலாவது நானும் ரெண்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேனே —

செல்லப்பன் மனுஷன் கல்லு மாதிரி உக்காந்திருக்கிறார். "நீங்களாவது சொல்லுங்க" என்றால், "பெத்தவன் கேக்கறான் கலா. நாம என்னன்னு சொல்றது?" என்கிறார். சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். போதுமான விறகு ஏற்கெனவே கிடக்கிறது.

மே 11, புதன்

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். ஞாயிறுகூட இல்லை, புதன்கிழமை. கூட்டம் இருக்காது, அவர் தனியாகப் பார்த்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். சுகந்தி விடிந்ததுமே குளித்துப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டாள். மலைக்கிராமத்து ஆட்கள் எல்லாம் மேளத்தோடு கடை வழியாகத்தான் மேலே போனார்கள்.

கிளம்பும் நேரத்தில் கோயம்புத்தூர் பஸ் ஒன்று வந்து நின்றது. பஸ் நிறையப் பிள்ளைகள். எல்லாருக்கும் டீ, எல்லாருக்கும் பஜ்ஜி. இவர்களை அனுப்பிவிட்டுப் போகலாம் கண்ணு என்றேன். அவர்கள் போவதற்குள் அடுத்த வண்டி. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம்.

மத்தியானம் திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டிருந்தாள். அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. எழுந்ததும் பாவாடையை அவளே அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு பொறுமையாக இருக்கக்கூடாது.

மே 22, ஞாயிறு

கோடை விழா. மலையே மனிதர்களாக இருந்தது. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி என்று மைக் காலையிலிருந்து ஓயவில்லை. ஏரியைச் சுற்றிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். கடைக்கு முன்னாலும் ஒன்று.

பெருமாளும் செண்பகமும் சுகந்தியைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். நான் அடுப்படியில்.

உச்சி வெயிலுக்கு, படகுப் போட்டிக்கு நடுவில் மைக்கில் சொன்னார்கள்: மஞ்சள் கவுன் அணிந்த சுகந்தி என்ற எட்டு வயதுக் குழந்தை மேடைக்கு அருகில் அழுதுகொண்டிருக்கிறது. எனக்குக் காது அடைத்துவிட்டது. கரண்டியை எங்கே போட்டேன் என்று தெரியாது. அவர் என்னவோ கூப்பிட்டார். செருப்புப் போடாமல் ஓடினேன். கூட்டத்தில் யாரை இடித்தேன், யார் திட்டினார்கள், ஒன்றும் நினைவில்லை. வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் மைக் மறுபடியும் சொன்னது காதில் விழுந்தது.

"குழந்தையின் தந்தை, சேலத்திலிருந்து வந்திருக்கும் பெருமாள் அவர்கள், உடனே மேடைக்கு வரவும்."

என் பெயர் இல்லை.

கேட்டுக்கொண்டேதான் ஓடினேன். மேடைக்குப் பக்கத்தில் போனபோது பெருமாள் அவளைத் தூக்கி வைத்திருந்தார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். செண்பகம் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை. பூந்தொட்டி வரிசைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி நடந்து வந்துவிட்டேன்.

வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தார். "கெடைச்சுட்டாளா?"

"அப்பன்கிட்ட இருக்கறா" என்றேன்.

சாயங்காலம் செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "என் கையிலதானுங்க அக்கா இருந்தா. கூட்டம் நெருக்குச்சு, கை உட்டுப் போச்சுங்க. என்னைய மன்னிச்சுருங்க." அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

மே 23, திங்கள்

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். தலை வாரும்போது கேட்டுவிட்டேன். "ஏன் கண்ணு, மைக்குல யாரு பேரச் சொல்லணும்னு கேட்டப்ப, அப்பா பேரச் சொன்னியா?"

"ஆமாங்க பெரியம்மா."

"பெரியம்மா பேரு ஞாபகம் வரலியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தெரிந்தே கேட்கிறேனா என்பதுபோல. "உங்களுக்குக் கடை இருக்குதில்லீங்க? நீங்க எப்படி வருவீங்க?"

அவ்வளவுதான். கோபமில்லை, குறையில்லை. மழை வந்தால் நனையும் என்பதுபோலச் சொன்னாள்.

சீப்பு என் கையிலேயே இருந்தது. நான் வந்தேன் சாமி, செருப்புக்கூடப் போடாம வந்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் யார் பக்கம் என்று அந்தப் பிள்ளை யோசிக்க ஆரம்பித்துவிடும். "நீ ஓடுனதச் சொல்ல வேண்டியதுதான?" என்று அவர் பிறகு கேட்டார். வேண்டாம் என்றேன்.

மே 26, வியாழன்

அவரிடம் சொல்லிவிட்டேன். ஜூனில் அனுப்பிவிடலாம்.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றார்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. ஒரு பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாமா? இதைத்தான் சொன்னேன். மற்றதெல்லாம் சொல்ல வரவில்லை.  அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனார். கல் என்று எழுதியிருந்தேன். அது தப்பு.

ஜூன் 5, ஞாயிறு

போய்விட்டாள்.

பஸ் ஜன்னலில் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் வளைவில் பஸ் திரும்பும்போது மட்டும் கையை வெளியே நீட்டினாள். கைய உள்ள வை, கைய உள்ள வை என்று கத்தினேன். கேட்டிருக்காது.

பிறகு வந்து கடை திறந்தோம். கூட்டம் இருந்தது.

ஜூன் 12, ஞாயிறு

மாவை அதிகமாகக் கரைத்துவிட்டேன்.

ஜூன் 26, ஞாயிறு

ஞாயிறுதோறும் கூட்டி வருவதாகத்தான் பெருமாள் சொன்னார். முதல் ஞாயிறு வரவில்லை, பள்ளிக்கூடம் திறந்த வாரம். போன ஞாயிறு வந்தார்கள், ஒரு மணி நேரம் இருந்தார்கள். நான் அடுப்பை விட்டு வரமுடியவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்றார், வாடிக்கையாளர்கள் விடவில்லை. இன்று மலையில் கடும் மழை. வரமாட்டார்கள் என்று தெரியும். சேலம் பஸ் ஒவ்வொன்றும் நிற்கும்போது எட்டித்தான் பார்த்தேன்.

குடை பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் டீ குடிக்க வந்தது. அதில் ஒரு பெண் பிள்ளைக்கு ஈரத்தலையைத் துவட்டி விட்டாள் அதன் அம்மா. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அவர்களே எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார்கள்.

ஜூலை 19, செவ்வாய்

சுகந்தியின் சின்னச் சட்டைகளை எடுத்து மடித்தேன். எப்படியும் இனி சேராது. யாருக்காவது கொடுக்கலாம் என்றார் அவர். கொடுக்கலாம் என்றேன். திரும்பவும் உள்ளேயே வைத்தேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

பெருமாள் பட்டறையிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளை சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா; பள்ளிக்கூடம் லீவு. நானும் அவரும் வர வேண்டுமாம்.

"நீ போயிட்டு வா. கடைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

"தனியாச் சமாளிக்க முடியுமா?"

"பஜ்ஜி போடலைன்னா யாரும் சாகமாட்டாங்க. போ."

ஆகஸ்ட் 11, வியாழன், சேலம்

காலை. செண்பகத்தின் சமையலறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. சுகந்திதான் என்னைக் கூட்டிப்போனாள். இந்த வழி நெரிசல், அந்த வழியாகப் போகலாம் பெரியம்மா என்கிறாள். பொரி, வளையல் கடை, பிறகு பொருட்காட்சி. ராட்டினத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சிரித்து சிரித்து இருமல் வந்துவிட்டது. என்னைத் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டி, "எங்க பெரியம்மா. ஏற்காடு" என்றாள். ஏற்காடு முழுவதும் என்னுடையது மாதிரி.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். செண்பகம் என் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். "இன்னிக்கு நீங்க போவக்கூடாதுங்க அக்கா." பெருமாள் வெளியே போய் ஏற்காடு பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு வந்தார், கடையில் தகவல் சொல்லும்படி. சுகந்தி என் பக்கத்தில்தான் படுத்தாள். உயரமாகிவிட்டாள். அவள் கால் என் காலைத் தாண்டிப் போகிறது.

இன்று காலையில் செண்பகம் ரெட்டைச் சடை பின்னினாள். ரிப்பன் கட்டும்போது ஒரு சடையை என்னிடம் நீட்டினாள். ஆளுக்கொன்று கட்டினோம். சுகந்தி பையை மாட்டிக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு ஓடினாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. தெருக்கோடிவரை பார்த்துக்கொண்டு நின்றேன், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏங்க அக்கா, உங்ககிட்டச் சொல்லிட்டுப் போலாமில்ல இவ?" என்று செண்பகம் கோபித்துக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் இங்கே இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மத்தியான பஸ்ஸுக்குப் போவதாக இருந்தேன். சாயங்காலமும் பஸ் இருக்கிறது.