பட்டாணி அளவு

நெப்ராஸ்கா, அக்டோபர் 1952

என் அக்கா பெற்ற ரத்தினமே,

சோளக்காட்டுக்கு மேலே நாம் பார்த்த அந்தப் பறக்கும் வெள்ளித்தட்டை விசாரிக்க, விமானப்படை கேப்டன் ஒருவர் நேற்று வந்தார். அதை நீ வெளியே சொன்னதும், பொய் சொல்லும் டீச்சர் வேண்டாமென்று பள்ளிக்கூடத்தார் உன்னை நிறுத்திவிட்டார்கள். உனக்கிருக்கும் ஒரே சாட்சியோ, பேருந்து நீளத்துக்கு மீன் பிடித்த உன் மாமன்!

"கையை நீட்டிப் பிடிச்சா எவ்வளவு பெருசு? பட்டாணியா, பேஸ்பாலா, கூடைப்பந்தா?" என்றார் கேப்டன்.

பக்கத்துப் பண்ணை ஆர்லோ சிரித்தான். "இவன்கிட்டயா கேக்குறீங்க? சர்க்கஸ் கூடாரம்பான்!"

கூடாரம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கண்ணே. விழுங்கினேன். போர்முனையில்கூட நான் அத்தனை வீரம் காட்டியதில்லை.

"பட்டாணிங்க. சத்தமே இல்ல. ஒரு நிமிஷம் நின்னுட்டு வடக்கே போச்சு."

கேப்டன் நீ முன்பே எழுதிக்கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தார். அதிலும் பட்டாணிதான்!

"அது என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா அந்தப் பொண்ணு பொய் சொல்லல. அப்படியே எழுதிடுறேன்" என்றார்.

அவர் எழுதிய அறிக்கையின் நகல் இன்று தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை உன்னை வேலைக்கு வரச்சொன்னார். ஒமாஹா நகரில் போய் உட்கார்ந்து அழுதது போதும், பெட்டியைக் கட்டு.

அந்த மீனைப் பற்றி மட்டும் கேப்டனிடம் மூச்சுவிடாதே.

ஆயுளில் ஒரேயொரு முறை அளவாகப் பேசிய,
உன் மாமன்