அண்ணன் செய்த கறுப்பு மண்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ காய்ச்சலில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பூனாகலைப் பக்கத்து இந்த மலையில் தேயிலை மட்டும் நன்றாகத் தளிர்க்கிறது. புத்திதான் தளிர்க்கக் காணோம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் உன்னை அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினானே கணக்கப்பிள்ளை, அவனுடைய விவசாய மேதைமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேயிலை மலையில் பிடுங்கிய களையை மற்றவர்கள் ரோட்டோரம் வீசுவார்கள். நீ மட்டும் அதைச் சுமந்து வருவாய். மாட்டுப்பட்டிச் சாணி, அடுப்புச் சாம்பல், முள்முருங்கைத் தழை எல்லாவற்றையும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மண்ணால் மூடுவாய்; மக்கியதும் அள்ளி நம் காய்கறித் தோட்டத்தில் போடுவாய். அதற்காகத்தானே அந்த ஆள் மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு கத்தினான்.

"சாணி நாத்தத்தோட எவனும் பெரட்டுக்கு வரப்படாது. வந்தா அன்னிக்கு வேலை கெடையாது, ஆமா!"

சாயங்காலம் நீ மறுபடியும் களையைச் சுமந்துதான் வந்தாய்.

உனக்குக் கருமாதி முடிந்த மறுவாரமே அண்ணியிடம் வந்து நின்றான். "ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தோட்டம் எதுக்கு? தொரைக்குக் கோவா போடப் போறேன்" என்றான். துரைக்கு முட்டைக்கோஸ் இல்லாமல் சாப்பாடு இறங்காதாம். அந்தத் துண்டு நிலத்து அவரையும் கீரையும்தான் உன் இரண்டு பிள்ளைகளின் வயிற்றை நிரப்பின. அது அவனுக்குத் தெரியாதா என்ன?

தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அவன் செய்ததைக் கேள். புல் ஒன்றுகூட இல்லாமல் சுரண்டி வைத்த தேயிலை மலையைப் பார்த்தால் துரைக்குச் சந்தோஷம். காய்கறித் தோட்டமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இந்த மகான் முடிவு கட்டிவிட்டான். ஆறு பேரை விட்டு, நீ பத்து வருஷம் சேர்த்த கறுப்பு மண்ணைப் புழுவோடும் மக்கிய தழையோடும் வழித்து ஓடையில் கொட்டவைத்தான். "குப்பையெல்லாம் போச்சு. இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்று இடுப்பில் கைவைத்து நின்றான். கீழே இருந்தது வெறும் செம்மண்ணும் சரளைக்கல்லும்.

அதன் மேல் பதுளையிலிருந்து மாட்டுவண்டியில் சீமை உரச் சாக்கு வந்தது. தண்டோடு ஒட்டி அள்ளி அள்ளிப் போட்டான். இலை ஓரமெல்லாம் கருகியது. மிச்சத்தை ஐப்பசி மழை கழுவிக்கொண்டு போனது. கடைசியில் கோவா எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டு நின்றது. துரை வந்து பார்த்துவிட்டு ஒன்றைக் காலால் உதைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பெரட்டில், துரை பக்கத்தில் நிற்க, கணக்கப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான். "லயத்துக்குப் பின்னால குழியில எரு இருக்கு. நாலு பேரு கூடையோட வாங்க."

உனக்குப் பிறகும் அண்ணி அந்தக் குழியை விடவில்லை, அண்ணே. நாற்றமெடுத்த உன் குழிதான் இப்போது அவனுக்கு வேண்டியிருக்கிறது. வெட்கங்கெட்ட ஜென்மம்!

யாரும் அசையவில்லை. பக்கத்து லயத்துத் தங்கவேலுதான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "ஐயா, சாணி நாத்தத்தோட பெரட்டுக்கு வரப்படாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்கு எங்களுக்கு வேலை உண்டுங்களா?"

கணக்கப்பிள்ளை துரையைப் பார்த்தான். துரைக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழ் அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது. அவனைக் கைகாட்டி, "அப்போ நீ தூக்கு" என்றார்.

தூக்கினான். கோட்டில் சாணி வழிய வழியத் தூக்கினான். ஒரு கூடை போனதும் அண்ணி குழியை மறித்து நின்றாள். "மிச்சம் எம் புள்ளைகளுக்குங்க, தொர. அந்தத் தோட்டத்தத் திருப்பிக் குடுங்க. அடுத்து வர்ற ஒங்க நத்தார்ப் பண்டிகைக்கு நானே கோவா போட்டுத் தர்றேன்." துரை தலையாட்டிவிட்டார். நியாயத்துக்காக அல்ல, கோவாவுக்காக.

தோட்டம் திரும்பி வந்துவிட்டது. அண்ணி அங்கே குந்தி உட்கார்ந்து விரலால் தோண்டினாள். நகம் கல்லில் பட்டது. எழுந்து என் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணே, உனக்கு இன்னும் ஒன்றைச் சொல்லவில்லை. அன்றைக்கு மண்ணை வழித்த ஆறு பேரில் நானும் ஒருத்தன். கணக்கப்பிள்ளை சுரண்டியை நீட்டினான், நான் வாங்கிக்கொண்டேன். வேலை போய்விடும் என்று பயம். அவனை முட்டாள் என்று பக்கம் பக்கமாகத் திட்டலாம். அவன் அதைக் குப்பை என்று நம்பித்தான் எறிந்தான். எனக்கு அது என்னவென்று தெரியும்.

நாளையிலிருந்து களையையும் சாணியையும் நான் சுமக்கிறேன். அந்த இடத்தில் மண்வெட்டி கல்லில் படாமல் இறங்கும் நாள் வரைக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த தம்பி