எவர்சில்வர் தண்டு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அன்பு என்று எழுதியது பழக்கதோஷம். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

அப்பா கட்டிய மரப்படகுக்குப் புது புரொப்பெல்லர் தண்டு வாங்கவேண்டும் என்றபோது, வெண்கலம்தான் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்து எவர்சில்வரை மாட்டிவிட்டுப் போனாய். “ஆயுசுக்கும் துருப்பிடிக்காதுக்கா” என்று போனில் பீற்றல் வேறு.

நேற்று அது ஒடிந்தது. சுக்கான் பிடித்திருந்தது என் மகள். படகு பாறையில் மோதி அவள் மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஒடிந்த துண்டைப் பார்த்தேன். வெளியே பளபளப்பு, அடிமரத்தில் தண்டு நுழைகிற குழாய்க்குள் இருந்த பாகம் மட்டும் குழி குழியாக அரித்துக் கிடக்கிறது. எவர்சில்வருக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். பாதி வருஷம் சும்மா நிற்கிற படகில், தேங்கிய உப்புத்தண்ணீர் அதைத் தின்றுவிடும். சோற்றுப்பானை வாங்குகிற நினைப்பில் வாங்கினாயா?

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எடுத்த எடுப்பில் குற்றவாளி ஆக்கிவிட்டாய். வெண்கலத்துக்கு வலு குறைவு, பருமனாகப் போடவேண்டும், அதற்கு அடிமரத்தில் துளையைப் பெரிதாக்கவேண்டும். அப்பா தன் கையால் இழைத்த மரம். அதைக் குடைய எனக்கு மனசு வரவில்லை. கேட்டிருந்தால் நீ சண்டைதான் போட்டிருப்பாய்.

போகட்டும். பழைய அளவிலேயே, வலு கூடுதலான மாங்கனீஸ் வெண்கலத் தண்டு அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட வெண்கலம்தானே, இனி என்ன குறை? வெள்ளோட்டத்துக்கு நானும் வருகிறேன்.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

தண்டு வந்தது. இந்தத் தடவையும் கேட்காமல். பெயரில்தான் வெண்கலம், சரக்கு பித்தளை. அதிலுள்ள துத்தநாகத்தைக் கடல் உறிஞ்சிவிட்டால் மிச்சம் ரஸ்க் போலப் பொடியும். பெயரைப் பார்த்தே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறாய். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடிமரத்தை நானே குடைந்தேன். துத்தநாகம் கலக்காத வெண்கலத்தில், பருமனான தண்டு பொருத்தியாயிற்று. அப்பா இருந்திருந்தால் அவரே துளைத்திருப்பார்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். மரத்துக்கு வலிக்குமே என்று அத்தனை வரி எழுதியிருக்கிறாய். குழந்தையின் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். கட்டுப்போட்ட கையோடு அவளும் ஏறுகிறாள். “மாமா வருவாராம்மா?” என்று கேட்டாள். வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா