ஆட்சேபணை யாருக்கும் இல்லையாம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லப்போவதில்லை. உன் தம்பிக்கு முதுகுவலி தேவலை. அடுப்படிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். ஆறு இப்போது தண்ணீர் நிறத்தில்தான் ஓடுகிறது. ஆலை ஓடியபோது சாயப்பட்டறையில் அன்று என்ன நிறம் என்று ஆற்றைப் பார்த்தே சொல்வோம். இனி வருவதைப் போனில் சொல்ல முடியவில்லை, காரணம் கடைசியில்.

நம் ஊருக்கு வரலாறு எழுதுகிறார்கள். எழுதச் சொன்னது சின்ன முதலாளி. அறுபது தாண்டியும் சின்ன முதலாளிதான், பெரியவராக அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை. ஆலையை விடுதியாக்குகிறார். நூற்புக் கூடத்தில் கட்டில் போட்டால் காசு கொடுத்துத் தூங்குவார்களாம். அதே இடத்தில் கண் அசந்ததற்கு உன் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது. விடுதி வாசலில் வரலாற்றைக் கல்லில் வெட்டி நிறுத்தப்போகிறார். எழுத ஒரு பேராசிரியரைப் பிடித்து வந்தார். நல்ல மனிதர், ஊரின் கதை முழுவதையும் முதலாளி பங்களாவில் உட்கார்ந்தே கேட்டுக்கொண்டார்.

போன ஞாயிறு பழைய தறிக்கூடத்தில் நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்து அதைப் படித்தார். சின்னவரின் அப்பா, பெரிய முதலாளி, வரும்வரை கரையில் ஒன்றுமே இல்லையாம், வெறும் நாணலாம். அதற்கு முன்னால் ஓடம் விட்டவர்களும் துணி வெளுத்தவர்களும் நாணலில் சேர்த்தி போலிருக்கிறது. அவர் அணை கட்டினாராம், ஆறு அடங்கிவிட்டதாம். அவர் கையில் மண்வெட்டியைப் பார்த்த ஒருவரைக் காட்டட்டும். பிறகு வெள்ளம் வந்த வருடம். அதற்கு ஒரே வரி. இயந்திரங்கள் காப்பாற்றப்பட்டன, உயிர்ச்சேதம் இல்லை.

உன் பெரியம்மா போனது அந்த வெள்ளத்தில். அவளோடு கடைசி வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள். தண்ணீர் அணையைத் தாண்டிய பிறகும் தறியை நிறுத்த உத்தரவு வரவில்லை. மேஸ்திரி வாசலில் நின்று கத்தினார். அந்த இரைச்சலில் யார் காதில் விழும். தறி ஓடும்போது எங்கள் பேச்செல்லாம் உதட்டில்தான், சத்தமே வராது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சண்டையே போடுவோம். மேஸ்திரியின் வாயைப் பார்த்தவர்கள் ஓடினோம். அக்கா அறுந்த இழையை முடிந்துகொண்டு குனிந்திருந்தாள்.

படித்து முடித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார் பேராசிரியர். ஏன் இல்லை. நார் நாராகக் கிழித்தோம். உயிர்ச்சேதம் இல்லைன்னா அன்னிக்கு நாம தூக்கிட்டுப் போனது பஞ்சு மூட்டையா என்றாள் உன் அத்தை. சாயக்காரர் பெண்டாட்டி பேராசிரியரின் பரம்பரையையே அலசிக் காயப்போட்டாள். நானும் குறை வைக்கவில்லை. எல்லாம் உதட்டில். அதே கூடம், எதிரே முதலாளி, வாய் தானாகப் பழைய வழிக்குப் போய்விட்டது, ஒருத்திக்கும் உறைக்கவில்லை. பேராசிரியர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார். இவ்வளவு அமைதியான ஜனங்களைப் பார்த்ததில்லை என்று சின்ன முதலாளியிடம் மெச்சவும் செய்தார். அவருக்குக் கண் இல்லை, எங்களுக்குப் புத்தி இல்லை. நல்ல ஜோடி.

அப்போதுதான் எழுந்தேன். "என் அக்கா செத்தது இந்த இடத்துல." மெதுவாகத்தான் சொன்னதாக நினைப்பு. ஆலைக்காரியின் மெதுவு உனக்குத் தெரியும். பேனா கீழே விழுந்தது. சான்று உண்டா என்று கேட்டார். அதற்குள் மற்றவர்களுக்கும் குரல் வந்துவிட்டது, அக்கரையில் கேட்டதாம். சின்ன முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூன்று பெயரையும் கல்லின் பின்பக்கத்தில் போடலாம் என்றார். பின்பக்கமாம். முன்னால இல்லாட்டி கல்லு நிக்காது என்றாள் உன் அத்தை. அவள் உடம்பைப் பார்த்து நம்பிவிட்டார். இப்போது முன்பக்கம்தான், பெரிய முதலாளிக்குக் கீழே, எழுத்து கொஞ்சம் பொடி. இருக்கட்டும், படிக்கிறவர்கள் குனிந்து படிக்கட்டும்.

காரணம் சொல்கிறேன். புதன்கிழமை போனில் இதைத் தொடங்கியதும் நீ உன் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாய். செத்தவங்க பேரு கல்லுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன என்றாய். உன் உதடு திரையில்தான் இருந்தது மகளே, யாரிடம் உன் வேலையைக் காட்டுகிறாய். இனி அப்படித் தோன்றினால் சத்தமாகவே சொல், பதில் சொல்கிறேன். கல் வெட்டுகிறவர் நேற்று வந்து பெயர்களைக் கேட்டார். அக்கா பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். உனக்கு வைத்ததும் அதே பெயர்தான், விடுமுறைக்கு வரும்போது விடுதி வாசலில் அதைப் பார்த்துத் திடுக்கிடாதே.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. எந்நேரமும் குனிந்தே வேலை பார்க்காதே, நடுநடுவே நிமிர்ந்து வாசலைப் பார்.

உன் அம்மா