கிளட்சை எரித்த கால்

என் அக்கா பெற்ற ராசா தினேஷுக்கு,

நீ போய் இருபத்தாறு நாளாகிறது. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். அதில் தாய்மாமன் பக்கம் ஒன்று வேண்டும் என்று உன் பெண்சாதி சுமதி இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டாள். "ஒங்களுக்குத்தான மாமா நல்லா கதை சொல்ல வரும்" என்றாள். பிள்ளை மெச்சித்தான் சொன்னது. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஐந்து முடிக்கும்போதே பத்துக்கு உண்டான அறிவு இருந்ததால் வாத்தியார் போதும் என்று அனுப்பிவிட்டார். அதனால் எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்கூடத்தில் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் உள்ள பிழையை நான்தான் திருத்த வேண்டும்.

உன் சிவப்புக் கார் இப்போது பதுளையில் ரியாஸ் நானாவின் கராஜில் இருக்கிறது. இங்கே நமுனுகுலத் தோட்டத்தில் விடாத மழை. உன் அம்மா லயத்து வீட்டு வாசலுக்குக்கூட வருவதில்லை. யாராவது காரைப் பற்றிப் பேச்செடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

இரண்டே சீட்டு, கூரை திறக்கிற கார். கொழும்பிலிருந்து அதை நீ லயத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்த அன்று, தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். தோட்டத்துத் துரைமார் மூன்று பேர் ஜீப்பை நிறுத்திவிட்டு உன்னிடம் கைகொடுத்ததாக நான் பண்டாரவளை முழுக்கச் சொன்னேன். உனக்குத் தெரியும், வந்தது ஒரே ஒரு துரை. அவரும் ஹோர்ன் அடித்து வழிதான் கேட்டார்.

பிறகு அந்தக் கோளாறு வந்தது. காலையில் ரிவர்ஸ் போட்டால் கியர் கரகரவென்று கத்தியது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. கியர்பொக்ஸ் போய்விட்டது என்று நான் சத்தியமே பண்ணினேன். நீ டோர்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தாய். வெளியே வந்து எண்ணெய் பட்ட விரலை என் மூக்குக்கு நேரே காட்டினாய்.

"கியர்பொக்ஸ்ல ஒண்ணுமில்ல மாமா. கிளட்ச தள்ளுற சின்ன சிலிண்டர்ல ரப்பர் போயிருச்சு. எண்ணெய் ஒழுகுது. மிதிச்சாலும் பிளேட்டு முழுசா வெலகல. அதான் கத்துது."

நீ சொன்னதுதான் சரி. அதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரமே உனக்கு டெங்குக் காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுக்கையிலிருந்தபடி நீ கேட்டது ஒன்றுதான்: ரப்பரை மாற்றி, குழாயில் உள்ள காற்றை எடுத்துவிட்டு, காரை அப்படியே நிறுத்தி வையுங்கள் மாமா. செய்தேன். சுமதி பெடலை மிதிக்க, நான் கீழே படுத்து நட்டைத் திறந்து மூடினேன். குமிழி வருவது நின்று சுத்தமான எண்ணெய் வந்தது. பெடல் கெட்டியானது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

அதோடு சாவியைச் சுமதியிடம் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூரையைத் திறந்துகொண்டு தோட்டத்துக்கு ஏறினேன்.

கொழுந்து மடுவத்துக்கு முன்னால் உள்ள ஏற்றம் உனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கிற நேரம், நல்ல கூட்டம். நான் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில் அந்த லொறிகளுக்கு ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான். சாக்கு ஏற்றும் வரைக்கும் பாதிக் கிளட்சில் காலை வைத்து, பிரேக்கைத் தொடாமல், லொறியை ஏற்றத்திலேயே தொங்கவிடுவோம். ஓர் அங்குலம் முன்னே போகாது, பின்னே வராது. நான் நிறுத்தினால் பானட்டின் மேல் வைத்த தேத்தண்ணி சிந்தாது என்பார்கள். என்பார்கள் என்ன, நான்தான் சொல்லுவேன்.

அதையே உன் காரிலும் செய்தேன். ஒரு கையை வெளியே தொங்கவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் கதை சொன்னேன். எத்தனை நிமிஷம் என்று கேட்டவர்களுக்கு இரண்டு என்றேன். உன்னிடம் சொல்கிறேன், பத்துக்குக் குறையாது. ஒரு நாற்றம் வந்தது. பெக்டரியில் தேயிலைத் தூள் கருகுது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது கருகுகிற தூள் இல்லை என்று என் மூக்குக்குத் தெரியும்.

கிளம்பினால் எஞ்சின் அலறுகிறது, கார் நகர மறுக்கிறது. ஒருவழியாக நகர்ந்த பிறகும், மூன்றாம் கியரில் எக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் மட்டும் மேலே போகிறது, வேகம் வரவில்லை. கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிடச் சோதனை வேண்டுமா?

மறுநாள் உனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நீ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கார் எப்படி என்றாய்.

"பிளேட்டு முடிஞ்சிருச்சுடா. நீ எந்நேரமும் கிளட்ச்ல கால வச்சிக்கிட்டே ஓட்டியிருக்க" என்றேன்.

நீ போர்வைக்குள் இருந்த உன் இடது காலைப் பார்த்தாய். "கொழும்புல பழகுன காலு மாமா. மலைக்கு ஆகல போல. நானே கெடுத்துட்டேன்."

விடுடா, மாமா இருக்கேன் என்றேன். அன்று மாலை உன்னை வேறு வார்ட்டுக்கு மாற்றினார்கள். விடியும்போது நீ இல்லை. அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டா போனாய்? இல்லை, மறந்துவிட்டுப் போனாயா? இதை நான் யாரிடம் கேட்பது?

அத்தோடு வாயை மூடியிருந்தால் பாவம் பாதியாவது குறைந்திருக்கும். ஒரு பொய்யை வெறுமனே அனுப்ப எனக்கு வராது. பூ வைத்து, பொட்டு வைத்துத்தான் அனுப்புவேன். சாவு வீட்டிலேயே சொன்னேன்: தங்கமான பிள்ளை, கார் மேல் உயிர், ஆனால் கிளட்ச் பிடிக்கத்தான் தெரியாது. இப்போது தேத்தண்ணிக் கடையில் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். வாங்கத் தெரிந்தவனுக்கு ஓட்டத் தெரியவில்லையாம். உன் அம்மா காதுக்கும் அது போயிருக்கிறது.

போன திங்கட்கிழமை ரியாஸ் நானா கியர்பொக்ஸை இறக்கினார். சுமதியும் வந்திருந்தாள். பிளேட் கரிக்கட்டை மாதிரி வெளியே வந்தது. அது உட்கார்ந்திருந்த பிளைவீலில் மயில் கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாகச் சூட்டுத் தழும்பு. நானா, பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளுகிற பேரிங்கை எடுத்துக் காதருகே வைத்துச் சுற்றினார். சத்தமே இல்லை.

"கால வச்சிக்கிட்டே ஓட்டியிருந்தா இந்த பேரிங் முதல்ல அழுதிருக்கணும் மகள். இது புதுசு மாதிரி இருக்கு. பிளேட்டும் தேஞ்சி போகல, எரிஞ்சி போயிருக்கு. ஓட்டுனவர் நல்லாத்தான் ஓட்டியிருக்கார். ஏத்தத்துல நிப்பாட்டி வச்சவன்தான் எரிச்சிருக்கான்."

"அப்ப இவரு இல்லியா நானா?" என்றாள் சுமதி.

சொல்வதற்கு என்னிடம் மூன்று கதை தயாராக இருந்தது. ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. நான்தான்மா என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எரிந்த பிளேட்டைப் பழைய பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முந்திய சீட்டில் உட்கார்ந்து பஸ்ஸில் லயம் வரைக்கும் வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

உன் அம்மாவிடமும் அன்றே சொன்னேன். சுவர்ப் பக்கமிருந்து திரும்பி எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்: "அவன் இருக்கயில சொல்லியிருந்தா சிரிச்சிருப்பான்டா, தம்பி."

ஆமாம், நீ சிரித்துத்தான் இருப்பாய். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். நான் பயந்தது அதற்குத்தான் ராசா.

அதனால்தான் இதை நினைவு மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மடுவத்துக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நானே போவேன். எங்கெல்லாம் உன் காலைக் குறை சொன்னேனோ, அங்கெல்லாம் அதே கூட்டம் சேருகிற நேரம் பார்த்துச் சொல்வேன். புதுப் பிளேட் போட்டதும் சாவியைச் சுமதியிடம் கொடுக்கும்படி நானாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டாலும் எனக்குத் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

இனி உன்னைப் பற்றி நடந்ததை மட்டுமே சொல்வேன், தினேஷ். என்னைப் பற்றி அப்படி வாக்குக் கொடுக்க முடியவில்லை. உன்னைப் பற்றி, சத்தியமாக.

உனக்குத் தோள் கொடுத்த, உன்மேல் பழியும் போட்ட
தாய்மாமன் ராசு