பேரளி ரோட்டில் இறங்காத ஸ்டெப்னி

கீழப்பழுவூர்
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள மகன் வீரமணிக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் பெண்டாட்டி அம்சவள்ளியும் உன் மகள் கவியாவும் ஐயனார் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் சொல்ல வந்ததை முடிப்பதற்குள் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பை இன்றைக்கு வெளியே எடுத்திருக்கிறேன். லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்பி வருகிற கண்ணையன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே பருப்புப் பொடியும் வடகமும் இருக்கிறது, அவன் பாதியைத் தின்றுவிடாமல் எண்ணி வாங்கிக்கொள். கறுப்பாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. என் முட்டிக்காலுக்கு அம்சவள்ளி தைலம் தேய்த்துவிடுகிறாள், தேய்க்கும்போது வலி தெரியவில்லை, அவள் பேச்சு அப்படி.

நீ அனுப்பிய புரோக்கர் குழந்தைவேல் இன்று காலையில் கவியா ஓட்டுகிற லோடு வண்டியைப் பார்க்க வந்துவிட்டுப் போனார். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ கோபப்பட்ட கதைக்கு வருகிறேன். போன மாசம் கவியா பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் மண்டிக்குப் போகையில் பேரளி தாண்டிப் பின்சக்கரம் பஞ்சராகி, வண்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னி இறங்காமல் மூன்று மணி நேரம் சிமெண்டு லாரி கிளப்பின புழுதியில் நின்றாள் அல்லவா. ஸ்டெப்னியைக்கூடக் கவனிச்சு வெச்சுக்கத் தெரியாத புள்ளைக்கு வண்டி எதுக்கு, வித்துட்டு ஏதாவது ஆபீஸ் வேலைக்கு அனுப்புங்க என்று கத்தினாய். அதற்கு அவள், துருப்பிடிச்சுப் போச்சுப்பா என்று மட்டும் சொன்னாள். அது துரு இல்லை வீரமணி. அது நான்தான்.

ஆயுத பூஜை அன்றைக்கு எல்லோரும் வண்டிக்கு முன்னால் சூடம் காட்டிக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கம் போய்க் குனிந்து, ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து ஸ்டெப்னி தொங்குகிற சங்கிலியில் கட்டிவிட்டேன். பேத்தி ஓட்டுகிற வண்டி பத்திரமாக ஓடினால் கிடா வெட்டுகிறேன் என்று ஐயனாருக்கு வேண்டுதல். முன்னால் கட்டினால் நாலு பேர் கண் படும், கவியாவும் சிரிப்பாள் என்றுதான் அடியில் கட்டினேன். அவிழக்கூடாது என்று மூன்று முடிச்சு. பேரளியில் ஸ்டெப்னியை இறக்க அவள் கம்பியைச் செருகிச் சுற்றினதும் துணி சங்கிலியோடு சுருண்டு சக்கரப் பல்லில் சிக்கிக்கொண்டது. ஒரு லாரி டிரைவர் அடியில் படுத்து அறுத்தெடுத்த பிறகுதான் ஸ்டெப்னி கீழே வந்ததாம். வீட்டுக்கு வந்தவள் யாரும் பார்க்காமல் அந்த ஒரு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து, அப்பத்தா, சாமி என்னைப் பத்திரமாத்தான் பாத்துக்கிச்சு, மூணு மணி நேரம் நகரவே விடலை என்றாள். உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் திட்டை அவளே வாங்கிக்கொண்டாள். நானும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

துணி போனாலும் கவியா விடவில்லை. லோடு ஏறினால் வண்டி தாழ்ந்துவிடுகிறது, அடியில் நுழைய முடியவில்லை, காட்டுக்குள் இறங்கினால் வரப்பு தட்டுகிறது, ஸ்டெப்னிக்கு வேறு இடம் பார்க்கணும் என்று பெரம்பலூரில் ஆண்டவர் என்பவருடைய வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டாள். முதலில் டிரைவர் தலைக்கு மேலே கூரையில் ஒரு கிராதி வைத்து ஏற்றினார்கள். சும்மாடு வெச்சுத் தண்ணி தூக்குறவ மாதிரி இருக்கு என்று அம்சவள்ளி சிரித்தாள். பார்க்க அழகுதான், ஆனால் இருபது கிலோவுக்கு மேல் இருக்கிறதை ஒற்றை ஆளாக இறக்க முடியவில்லை, இறக்கிப் பார்த்த அன்றைக்கே முன் மூடியில் ஒரு பள்ளம். அடுத்தது பின்கதவில் மாட்டினார்கள். கதவு ஒரு பக்கம் தொங்கிப்போய் மூட்டை ஏற்றுகிற ஆட்கள், ஏம்மா, ஒவ்வொரு தடவையும் இந்தக் கதவை வேற நாங்க தூக்கணுமா என்று முனகினார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன், பின்னால் லோடு ஏற்றுகிற தட்டில் படுக்கப் போட்டு மேலே மூட்டையை அடுக்கிவிடு என்று. பஞ்சரானா நாப்பது மூட்டையையும் ரோட்டுல எறக்கி வெச்சுட்டுக் கூவி விக்கவா அப்பத்தா என்றாள். அதோடு நான் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் அவளே சாக்பீஸால் ஆண்டவர் பட்டறைத் தரையில் படம் போட்டுக் காட்டினாளாம். இப்போது ஸ்டெப்னி டிரைவர் முதுகுக்குப் பின்னால், தட்டின் இடது ஓரத்தில், நின்றபடி இருக்கிறது. நடு ஓட்டையில் ஒரு போல்ட்டு, அதற்குக் கையாலேயே திருகுகிற நட்டு, ஒரு பூட்டு. மூட்டை சாயாமல் குறுக்கே இரும்புக் குழாய். மூன்று மூட்டை இடம் குறைந்தது குறைந்ததுதான். நட்டைக் கழற்றி, ஓரத்தில் பலகையைச் சாய்த்து, உருட்டிவிட்டால் தானாகக் கீழே வந்து நிற்கிறது. ஏம்மா, நீ என் பட்டறைக்கே வந்துடேன் என்று ஆண்டவர் கேட்டாராம். நான் கேள்விப்பட்டதை எழுதவில்லை, வெள்ளிக்கிழமை என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். தஞ்சாவூரில் கண் டாக்டரைப் பார்க்க அவளோடு லோடு வண்டியிலேயே போனேன். திருமானூர் தாண்டினதும் டமால் என்று ஒரு சத்தம், வண்டி இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றது. நீ கீழ எறங்கி நிழல்ல நில்லு அப்பத்தா என்று சொல்லிவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பலகை, ஜாக்கி, ஸ்பானர், வேறு சத்தமே இல்லை. பைக்கை நிறுத்தி, தள்ளு பாப்பா நான் பாத்துக்கறேன் என்று வந்தவரிடம், அண்ணே, கழட்டின டயரை மட்டும் மேல ஒரு கை புடிங்க என்றாள். வேலை முடிந்தபோது நான் வாயில் போட்டிருந்த வெற்றிலையை மென்றுகூட முடிக்கவில்லை. மண்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நீ முதல் தடவை டிராக்டரைக் குளத்தில் இறக்கினபோது உன் அப்பா அதை விற்கச் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

இன்று காலையில் குழந்தைவேல் விற்பனைப் பாரம் ஒன்றை நீட்டி, வண்டி ஒங்க பேர்ல இருக்கு பாட்டி, இங்க ஒரு கையெழுத்து, வராதுன்னா கைநாட்டு வெச்சுடுங்க என்றார். எனக்கு வந்தது கோபம். படிக்காம போடறதில்லீங்க என்று சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து எழுத்துக் கூட்டி ஆரம்பித்தேன். இரண்டு டம்ளர் டீ குடித்தார், மூன்றாவதுக்கு முன்னால் எழுந்துவிட்டார். கவியா வாசலில் வண்டியைக் கழுவுகிற மாதிரி துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடாமல் பாரத்தை அப்படியே மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் என்றால் என்னிடம் வை, அவளிடம் வேண்டாம்.

வெயிலில் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள், சோடாவைக் குறை. நீயும் உன்னோடு இருக்கிற பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க ஐயனாரை வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் கவியாவுக்கு நீயே போன் பண்ணு. பண்ணி, ஸ்டெப்னியை எப்படி மாட்டினே ஆத்தா என்று மட்டும் கேள், மீதியை அவள் பேசுவாள், நீ வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
வண்டியின் ஓனர்,
உன் அம்மா
வீ. பச்சையம்மாள்